சில்வர்பாயிண்ட்ல குண்டுகரிச்சான் வரையப் பாக்கறேன், கருப்பே வரமாட்டேங்குது

கொல்லைப்புறம் (கும்பகோணம்):

எல்லாருக்கும் வணக்கம். பென்சில், சார்கோல் ரெண்டுலயும் பல வருஷமா வரைஞ்சிட்டிருக்கேன், சில்வர்பாயிண்ட் மட்டும் இப்பதான், இன்னும் ஒரு மாசம்கூட ஆகல. வெள்ளிக் கம்பியால பேப்பர்ல வரையறது, பென்சில் வர்றதுக்கு முன்னாடி ஐரோப்பால பெரிய பெரிய ஆளுங்க இதுலதான் கை பழகினாங்கன்னு படிச்சதுலேந்து வேற எதுலயும் மனசு போகல. ஜெர்மன் ஓவியர் ட்யூரர் பதிமூணு வயசுல, 1484ல, கண்ணாடி பாத்துத் தன்னையே வரைஞ்ச படம் வியன்னால ஆல்பர்டினா மியூசியத்துல இருக்கு, அதை மொபைல்ல பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தேன், அந்தச் சட்டை மடிப்பும் தலைமுடியும் ஊதினா கலைஞ்சிடும் போல அவ்ளோ மெல்லிசு, ஆனா ஐநூறு வருஷத்துக்கு மேல அப்படியே இருக்கு. அதைப் பாத்ததுக்கப்புறம் எப்படிச் சும்மா இருக்கறது.

நான் வரைய ஆசைப்படறது எங்க கொல்லைக்கு வர்ற குண்டுகரிச்சான். ஆண். தலை, நெஞ்சு, முதுகு எல்லாம் மினுமினுன்னு கருப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில நீளமா ஒரு வெள்ளைப் பட்டை, வாலைத் தூக்கித் தூக்கி நிறுத்தும். பங்குனி பொறந்ததுலேந்து தெனம் விடியக்காலம் முருங்கை மரத்து உச்சியில ஒக்காந்து பாட ஆரம்பிச்சுடும், காபி டபராவோட நான் படிக்கட்டுல ஒக்காந்துடுவேன், அது ஒரு இருபது நிமிஷம், அப்புறம் கெணத்தடி, அப்புறம் தொவைக்கற கல்லு, அப்புறம் காணாமப் போயிடும்.

இப்ப பிரச்சனைக்கு வரேன். ஆன்லைன்ல ஒரு கடையில சில்வர்பாயிண்ட் செட்டுன்னு வாங்கினேன், 1 மில்லிமீட்டர் கம்பி, மரப்பிடி, அவ்ளோதான், எப்படி யூஸ் பண்றதுன்னு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. மொதல்ல சாதா டிராயிங் பேப்பர்ல இழுத்துப் பாத்தேன், ஒண்ணுமே விழல, வெறும் பள்ளம்தான். அப்புறம் பேப்பர் மேல மொதல்ல கிரவுண்டுன்னு ஒரு அடிப்பூச்சு அடிக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு, கான்வாஸுக்கு அடிக்கற அக்ரிலிக் ஜெஸோ வீட்ல இருந்துச்சு, அதை ரெண்டு கோட்டிங் அடிச்சேன், இப்ப கோடு விழுது ஆனா ரொம்ப மங்கல், கருப்பு வேணும்னு அழுத்தி அழுத்தி இழுத்தா ஜெஸோவே கீறிக்கிட்டு அடியில இருக்கற பேப்பர் தெரியுது. தலைப் பக்கம் மூணு எடத்துல கிழிஞ்சே போச்சு. நாலு நாள் வேலை.

கம்பி சரியில்லையா, கிரவுண்டு சரியில்லையா, என் கை சரியில்லையா? இந்தக் கருப்பை எப்படிக் கொண்டு வர்றது? அதுவும் இல்லாம இது இவ்ளோ மெதுவா ஏத்தற சாமானா இருக்கு, பறவை ஒரு எடத்துல ரெண்டு நிமிஷம் இருக்காது, அப்ப நேர்ல பாத்து எப்படித்தான் வரையறது, போட்டோவைப் பாத்து வரையறதுக்கு எனக்கு இஷ்டம் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கோட்டுவேலை (சென்னை):

அக்கா, நாலு நாள் வேலை கிழிஞ்சா என்ன வலின்னு தெரியும், நானும் அதைக் கடந்துதான் வந்தேன். ஆறு வருஷமா இதுல வரையறேன், மொதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன், வெள்ளிக்குக் கருப்பு கிடையாது. எந்தக் கம்பி வாங்கினாலும், எந்தக் கிரவுண்டு போட்டாலும் கிடையாது. நல்லா பொறுமையா ஏத்தினா ஒரு நடுத்தரச் சாம்பல் வரைக்கும் போகும், அங்க நின்னுடும்.

ஏன்னு புரிஞ்சிக்கிட்டா அழுத்தறதை நீங்களே விட்டுடுவீங்க. நகைக்கடையில உரைகல் பாத்திருப்பீங்க இல்லையா, தங்கத்தை லேசா ஒரு இழுப்பு இழுத்தா கல்லுல கோடு நிக்கும். அதே கதைதான் இங்கயும். கல்லு தங்கத்தை விடக் கடினம், அதனால கொஞ்சம் ராவி எடுத்து வெச்சுக்குது. வெள்ளியும் மெத்துன்னு இருக்கற உலோகம், கடினம் அளக்கற மோஸ் கணக்குல இரண்டரையிலேந்து மூணுக்குள்ள, அந்தக் காலத்துல கிரவுண்டுக்குப் போட்ட எலும்புச் சாம்பல் அஞ்சு கிட்ட வரும். அந்தத் துகள்தான் கம்பியை ராவுது, நாம கம்பியைச் சும்மா மேல தவழ விட்டாப் போதும். சாதா பேப்பர்ல ராவறதுக்கு ஒண்ணும் இல்ல, அதான் உங்களுக்கு வெறும் பள்ளம் விழுந்துச்சு. இதுல இன்னொண்ணு, அந்தத் துகளுக்கு நடுவுல இருக்கற குழியெல்லாம் வெள்ளி நெரம்பிடுச்சுன்னா அதுக்கு மேல புது வெள்ளி ஒட்ட எடம் இருக்காது. அப்பதான் எல்லாரும் அழுத்தறோம், அழுத்தினா கம்பி உளி ஆயிடும்.

அப்ப இருட்டை எப்படிக் காட்டறதுன்னா, மெல்லிசா ஒரு திசையில கோடு, அது மேல கொஞ்சம் சாய்ச்சு இன்னொரு வரிசை, அது மேல இன்னொண்ணு, எல்லாமே ஒரே லேசான கையில. பத்து வரிசை ஏத்தினாலும் அழுத்தம் மாறக்கூடாது. பேனாவைப் பிடிக்கற மாதிரி முனைக்குப் பக்கத்துல பிடிக்காம கொஞ்சம் தள்ளிப் பின்னாடி பிடிச்சுப் பாருங்க, கம்பியோட வெயிட்டு மட்டும் எறங்கற மாதிரி.

அப்புறம் குண்டுகரிச்சான் நெஜமாவே முழுக் கருப்பா இருக்கான்னு நாளைக்குக் காலைல ஒரு தடவை பாருங்க. ஆணோட கருப்புல நீலம் மினுக்கும், வானத்து வெளிச்சம் தலையிலயும் முதுகுலயும் பட்டு அங்க அங்க வெளிறித்தான் தெரியும். நாம "கருப்பு"ன்னு பேர் வெச்சுட்டு எல்லாத்தையும் ஒரே கருப்பா ரொப்பறோம். கழுத்துக்கு அடியில, இறக்கை மடிப்புக்கு உள்ள, கண்ணுல, இந்த மூணு எடம்தான் உண்மையான இருட்டு. அதை உங்க அதிகபட்ச சாம்பலா வெச்சுக்கிட்டு மத்தது எல்லாத்தையும் அதுலேந்து எறக்கிக்கிட்டே வாங்க. பின்னணியில ஒண்ணும் வரையாதீங்க, வெள்ளைக்குப் பக்கத்துல இருந்தா நடுத்தரச் சாம்பலும் கருப்பு மாதிரி நிக்கும்.

ஜெஸோ பத்தி: கான்வாஸ் ஜெஸோவுல ரொம்பப் பேருக்குக் கோடு மங்கலாத்தான் வருது, அதுல பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பு ஜாஸ்தி. கோல்டன் கம்பெனி சில்வர்பாயிண்டுக்குன்னே ஒரு கிரவுண்டு போடறாங்க, நல்லா இருக்கும், ஆனா நம்ம ஊர்ல விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆரம்பத்துக்கு அது தேவையில்ல, ஜிங்க் ஒயிட் குவாஷ் போதும், தண்ணியில கரைச்சு அடிக்கற, அடி தெரியாம மூடற வெள்ளைப் பெயிண்ட் அது. அதைப் பத்தி வேற யாராவது விவரமா எழுதுவாங்கன்னு நெனைக்கறேன், எனக்கு இப்ப டியூட்டி டைம்.


கொலுசுப்பட்டறை (சேலம்):

வரையறது பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அக்கா, என் தங்கச்சி பொண்ணு இந்தத் திரெட்டைக் காட்டுச்சு. எங்க வீட்ல மூணு தலைமுறையா வெள்ளிக் கொலுசு வேலை, அதனால கம்பி பத்திச் சொல்லலாம்னு வந்தேன்.

செட்டு எல்லாம் வாங்க வேண்டாம். உங்க ஊர்லயே வெள்ளி வேலை பாக்கற ஆசாரி யாராவது இருப்பாரு, அவர்கிட்ட போயி சுத்த வெள்ளியில, அதாவது 999ல, 2 மில்லிமீட்டர் கனத்துல கம்பி இழுத்துக் குடுங்கன்னு கேளுங்க. 5 சென்டிமீட்டர் நீளம் போதும், எடை ஒன்னரை கிராமுக்குக் கொஞ்சம் மேலதான் வரும், அன்னிக்கு வெள்ளி வெலையும் கூலியும் சேத்துக் குடுத்துடலாம். ஸ்டேஷனரி கடையில 2 மில்லிமீட்டர் லெட் போடற கிளட்ச் பென்சில் கெடைக்கும், அதுல இந்தக் கம்பி அப்படியே உக்காந்துக்கும். மெல்லிசு வேணும்னா 0.9 மில்லிமீட்டர் இழுத்தா 0.9 மைக்ரோ டிப் பென்சிலுக்குள்ள போகும்.

925ங்கறது நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டரை வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. அது கொஞ்சம் கெட்டி. அதுலயும் வரையலாம்னு தங்கச்சி பொண்ணு சொல்லுது. ஆனா வீட்ல கெடக்கற ஒடஞ்ச கொலுசை வெட்டி யூஸ் பண்ணாதீங்க, அதுல பத்த வெச்ச எடம் எல்லாம் வேற உலோகம் கலந்திருக்கும், ஒரு எடத்துல ஒரு மாதிரி ராவும்.

முக்கியமா முனை. கட்டர்ல வெட்டின கம்பி நுனி கத்தி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, வெரல்ல தடவினா தெரியும். உங்க பேப்பர் கிழிஞ்சதுக்குப் பாதிக் காரணம் அதுவாத்தான் இருக்கும். 400 நம்பர் உப்புத்தாள்ல கம்பியை உருட்டி உருட்டித் தேய்ச்சு நுனியை உருண்டையாக்குங்க, அப்புறம் 1000 நம்பர்ல பாலிஷ் குடுங்க. நகத்து மேல இழுத்துப் பாருங்க, வழுக்கிக்கிட்டுப் போகணும், பிடிச்சா இன்னும் தேய்க்கணும்.

இன்னொண்ணு. கொலுசு போட்டு வெச்சா கறுக்குதில்ல, காத்துல இருக்கற கந்தகம் பட்டு வெள்ளி மேல படியற கறை அது. உங்க படத்துல இருக்கறதும் வெள்ளிதானே, அதுவும் போகப் போகப் பழுப்பா மாறும்.


கொல்லைப்புறம் (கும்பகோணம்):

அண்ணா, தம்பி, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நுனியை வெரல்ல தடவிப் பாத்தேன் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே ஒரு ஓரம் பிசிறு, அதுதான் பேப்பரைக் கிழிச்சிருக்கு. உப்புத்தாள்ல தேய்ச்சதும் அதே பழைய ஜெஸோ மேலயே கோடு வழுக்கிக்கிட்டுப் போகுது.

கருப்பு வராதுன்னு தெரிஞ்சதுல மொதல்ல மனசு ஒடஞ்சு போச்சு, ஒண்ணும் மறைக்கல. அந்தப் பறவையே கருப்பும் வெள்ளையுமாத்தானே என் கண்ணுல நிக்குது. ஆனா காலைல தம்பி சொன்ன மாதிரி பாத்தேன், வெயில் ஏறினதுக்கப்புறம் முதுகு கிட்டத்தட்ட ஆகாசக் கலர்ல வெளிறுது, இத்தனை நாள் இதை நான் கவனிக்கவே இல்ல.

கிரவுண்டு பத்தி யாராவது சொல்லுங்களேன். வெத்தலைச் சுண்ணாம்பு அடிச்சா ஆகுமா? வெள்ளையடிச்ச சுவத்துல வளையல் உரசினா சாம்பலா கோடு விழுதே, அதனால கேக்கறேன்.


தேம்ஸ்கரை (லண்டன்):

வணக்கம் அக்கா. சுண்ணாம்புச் சுவரில வளையல் கோடு விழுறது சரியான கவனிப்பு, அதுவும் இதே விசயம்தான், பீங்கான் கோப்பையில கரண்டி உரசினா வாற சாம்பல் கோடும் இதுதான். ஆனா பேப்பரில சுண்ணாம்பு மட்டும் பூசினால் பசை இல்லாமல் மாவாய் உதிர்ந்து போகும், பேப்பரை வளைச்ச உடன வெடிக்கும். வேண்டாம்.

நான் செய்யிற முறையைச் சொல்லுறன். ஹாட் பிரஸ் எண்டு சொல்லுற வழவழப்பான வாட்டர்கலர் பேப்பர், 300 ஜிஎஸ்எம், அதை ஒரு பலகையில நாலு பக்கமும் டேப் ஒட்டி இறுக்கிப் போடுங்கோ, இல்லாட்டி ஈரம் பட்டவுடன நெளியும். ஜிங்க் ஒயிட் குவாஷை ஒரு கிண்ணத்தில எடுத்துத் தண்ணி விட்டுக் கரையுங்கோ, பாலை விடக் கொஞ்சம் தடிப்பு, தயிரளவு வேண்டாம். அகலமான மெல்லிய பிரஷால முதல் பூச்சு குறுக்காக, காய்ஞ்சாப் பிறகு அடுத்தது நெடுக்காக, இப்படி மூண்டு அல்லது நாலு. ஒவ்வொண்டும் முழுக்கக் காயவேணும். கடைசியில ஆக மெல்லிய உப்புத்தாளால பஞ்சு தடவுற மாதிரி ஒருக்கா தடவிவிட்டால் பிரஷ் தடம் போயிடும். தடிப்பாகப் பூசினால் வெடிக்கும், அதனால மெல்லிசாய் பல தரம்.

இன்னுமொரு விசயம், உங்கட கருப்பு வெள்ளைப் பறவைக்கு இது உதவும். கிரவுண்டை வெள்ளையாக விடாமல் கொஞ்சம் கலர் கலவுங்கோ. காவி மஞ்சளோ, சாம்பல் பச்சையோ, ஒரு துளி. பழைய ஆக்கள் நிறையப் பேர் அப்படித்தான் செய்தவை. அப்ப பேப்பரே நடுத்தரக் கலராய் இருக்கும், வெள்ளி நிழலைப் பார்த்துக்கொள்ளும், வெளிச்சத்துக்கு வெள்ளைக் குவாஷை மெல்லிய பிரஷால வைக்கலாம். வயிறும் இறக்கைப் பட்டையும் உண்மையாகவே வெள்ளையாய் எழும்பி நிக்கும். அந்த வெள்ளை எழும்பினால் மற்றது தானாக இருளும்.

2015 இல இங்க பிரிட்டிஷ் மியூசியத்தில உலோக முனையால கீறின படங்களுக்கெண்டே ஒரு கண்காட்சி வைச்சவை, லியனார்டோ டா வின்சியில இருந்து அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜோன்ஸ் வரைக்கும். நான் மூண்டு தரம் போனனான். லியனார்டோ இளவயதில கீறின போர்வீரன் ஒருவன், பக்கவாட்டு முகம், தலைக் கவசத்தில இறக்கை மாதிரி ஒரு அலங்காரம், மார்பில சிங்க முகம். அந்தக் கவசத்துக்கு முன்னால எவ்வளவு நேரம் நிண்டன் எண்டு தெரியாது. உங்களிட்ட இருக்கிறதைப் போல ஒரு கம்பிதான் அவரிட்டயும் இருந்தது, முழுக் கருப்பு ஒரு இடத்திலயும் இல்லை, ஆனால் இரும்பு இரும்பாகவே இருக்குது. இடக்கைக்காரர் எண்டபடியால அவற்ற நிழல் கோடுகள் மேல் இடப்பக்கத்தில தொடங்கிக் கீழ் வலப்பக்கம் சாயும், அது பக்கத்தில நிண்டு பார்த்தால்தான் தெரியும். நாங்கள் யாழ்ப்பாணத்தில படம் வரையிறதையே கீறுறது எண்டுதான் சொல்லுவம், அந்தச் சொல் இந்தக் கம்பிக்குத்தான் பொருத்தம் எண்டு எனக்கு அண்டைக்குப் பட்டது.

எலும்புச் சாம்பல் பற்றி ஒருவர் சொன்னவர். 1400 அளவில சென்னினோ சென்னினி எண்ட இத்தாலிய ஓவியர் அதுக்குச் செய்முறை எழுதி வைச்சிருக்கிறார். கோழியின்ர தொடை எலும்பும் இறக்கை எலும்பும், பழசாக இருந்தால் இன்னும் நல்லம், சாப்பாட்டு மேசைக்குக் கீழ கிடக்கிற மாதிரியே எடுத்து நெருப்பில போட்டுச் சாம்பலை விட வெள்ளையாகும் வரை சுடச் சொல்லுறார். அதோட முதலில கரியால லேசாகக் கீறி, அளவு சரி பார்த்து, பிறகு ஒரு இறகால கரியைத் தட்டிவிட்டு, மிஞ்சின மங்கல் தடத்துக்கு மேல வெள்ளிக் கம்பியால போகச் சொல்லுறார். இந்த இறகு விசயத்தை நீங்கள் கட்டாயம் செய்து பாருங்கோ. ரப்பரை விட இறகு கிரவுண்டுக்கு நல்லம்.


சிட்டுப்பார்வை (பொள்ளாச்சி):

நான் பறவை பாக்கற ஆளுங்க, ஸ்கெட்ச் புக்ல கிறுக்கறது உண்டு, சில்வர்பாயிண்ட் தொட்டது இல்ல. ரெண்டாவது கேள்விக்கு மட்டும் சொல்றேன், பறவை நிக்க மாட்டேங்குதுன்னு.

பறவையை வெள்ளிக் கம்பியோட நேர்ல மொதல்ல பிடிக்கப் பாக்காதீங்க. வெளிய போகும்போது சாதா பென்சிலும் மட்டமான பேப்பரும் போதும். ஒரு பக்கத்துல ஏழெட்டு உருவம் ஆரம்பிங்க. அது தலை திருப்பிச்சுன்னா அந்த உருவத்தை அரைகுறையா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க. கொஞ்ச நேரத்துல அதே மாதிரி மறுபடி உக்காரும், அப்ப பழைய உருவத்துக்குத் திரும்பி வாங்க. குண்டுகரிச்சானுக்குன்னு ஒரு நாலஞ்சு நிலைதான் இருக்குது. பாடறப்ப நெஞ்சைத் தூக்கி வாலை எறக்கி விடறது ஒண்ணு, தரையில பூச்சி தேடறப்ப வாலைச் செங்குத்தா நிறுத்தறது ஒண்ணு, எறங்கி உக்காந்தவுடனே வாலை ஒரு சுண்டு சுண்டும் பாருங்க அது ஒண்ணு. பத்து நாள் அதையே வரைஞ்சா கைக்கே தெரிஞ்சிரும், அப்புறம் பறவை பறந்து போனாலும் மீதியை முடிச்சிரலாம்.

வரையறப்ப இறகுல ஆரம்பிக்காதீங்க. ஒடம்பு ஒரு முட்டை, அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுங்கறது மொதல் கோடு. கண்ணை வெச்சுப் பாத்தா அலகு தலையில எந்த எடத்துல சேருதுங்கறது ரெண்டாவது. கால் ரெண்டும் முட்டையோட நடுவுக்குக் கீழ இருந்து எறங்கணும், பின்னாடி தள்ளிப் போச்சுன்னா பறவை முன்னால குப்புற விழற மாதிரி இருக்கும், நிறையப் படத்துல அந்தத் தப்பைத்தான் பாக்கறேன்.

ஸ்கெட்ச்சை நல்ல பேப்பருக்கு மாத்தறப்ப பின்பக்கம் பென்சில் தேய்ச்சு டிரேஸ் எடுக்காதீங்க, அந்தச் சாம்பலும் வெள்ளிச் சாம்பலும் கலந்து எது எதுன்னு தெரியாமப் போயிரும்னு என் ஃபிரண்டு ஒருத்தர் சொல்லுவாரு. காவிச் சாக்பீஸ் மாதிரி உதிர்றது ஏதாவது தேய்ச்சு எடுத்தா, லண்டன்காரங்க சொன்ன இறகால தட்டிவிட்டுரலாம்.

அப்புறங்க, ஒரு யோசனை. ஏன் ஆணையே புடிச்சிட்டு நிக்கறீங்க? குண்டுகரிச்சான்ல பொட்டை கருப்பு இல்லைங்க, ஆணுக்குக் கருப்பு இருக்கற எடமெல்லாம் அதுக்குச் சாம்பல். தலை, நெஞ்சு, முதுகு அத்தனையும் சாம்பல், நெஞ்சுல இருந்து வயித்துக்கு எறங்கறப்ப மெதுவா வெளுக்கும். உங்க வெள்ளிக் கம்பிக்குன்னே பொறந்த மாதிரி இருக்கும். ஆண் பாடுதுன்னா பொட்டை பக்கத்துலதான் இருக்கும், கெணத்தடி, வாழை மட்டைக்கு அடியில, அங்க பாருங்க. ஆண் மாதிரி அதிகமாப் பாடாதுங்கறதால நாம அதைத் திரும்பிப் பாக்கறது இல்ல.

தவிட்டுக்குருவியும் உங்க கொல்லைக்கு வரும்னு நெனைக்கறேன். தென்னிந்தியாலயும் இலங்கைலயும் மட்டும் இருக்கற பறவை அது, கூட்டமா வந்து சருகைக் கிளறிக்கிட்டே கத்தும். தலை வெளிறின சாம்பல், முதுகு மண் கலர். வெள்ளி போகப் போகப் பழுப்பாகும்னா அது தவிட்டுக்குருவி கலருக்கே போயிரும் இல்லைங்களா?

ஒரே ஒரு வேண்டுகோள், அதைப் பக்கத்துல வரவைக்க மொபைல்ல அதோட பாட்டைப் போட்டுராதீங்க. வேற ஆண் தன் எடத்துக்குள்ள வந்துருச்சுன்னு நெனைச்சு அது தவிச்சுப் போயிரும், இப்ப கூடு வெக்கற நேரம் வேற.


கரிநிலம்:

யாரும் இதைச் சொல்லல, அதனால சொல்றேன். கருப்புதான் வேணும்னா கிரவுண்டையே கருப்பா அடிங்களேன், கருப்பு கிரவுண்டு மேல வெள்ளிக் கம்பி வெளிச்சமா மின்னும், நான் செஞ்சிருக்கேன், சூப்பரா இருக்கும். பறவையோட கருப்பை அப்படியே விட்டுட்டு வயிறு, பட்டை, வெளிச்சம் மட்டும் வரைஞ்சா முடிஞ்சுது.


கோட்டுவேலை (சென்னை):

கரிநிலம் ப்ரோ, அது அழகா இருக்கும்ங்கறதை நான் மறுக்கல, முதல் நாள் நானும் அசந்து போனேன். ஆனா கொலுசுப்பட்டறை அண்ணன் சொன்ன மாதிரி வெள்ளி கறுக்கும். வெள்ளைக் கிரவுண்டுல கறுத்தா கோடு இன்னும் இதமாகுது, கருப்புக் கிரவுண்டுல கறுத்தா கோடு பின்னாடி இருக்கற கருப்போட போய்ச் சேந்துடும். அப்படி வரையணும்னா கறுக்காத தங்கக் கம்பிக்குத்தான் போகணும், அது வேற செலவு. அக்கா மொதல் படத்துக்கு அது வேண்டாம்னுதான் சொல்வேன்.

பொட்டைப் பறவை யோசனை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ட்யூரரையே எடுத்துக்கோங்க, முகத்தை வெள்ளியில வரைஞ்ச அதே ஆளு, நம்ம பனங்காடையோட ஐரோப்பியச் சொந்தக்காரப் பறவையோட இறக்கையை வரைய வாட்டர்கலருக்குத்தான் போனாரு, அந்த நீலமும் பச்சையும் வெள்ளியில வராதே. அதுவும் ஆல்பர்டினாலதான் இருக்கு.

தப்பாப் போன கோடு பத்தி யாரும் சொல்லல. குவாஷ் கிரவுண்டுல ரப்பர் போட்டுத் தேய்க்காதீங்க, பளபளன்னு ஆயிடும், அப்புறம் அங்க வெள்ளி பிடிக்காது. ஈரமான சின்ன பிரஷால அந்தக் கோட்டை மட்டும் கிரவுண்டோட சேத்துத் தொட்டு எடுத்துட்டு, காஞ்சதும் மறுபடி அதே கிரவுண்டைத் தடவுங்க. கண்ணுல வெளிச்சப் புள்ளியைக் கடைசியில வெச்சுக்கலாம்னு விடாதீங்க, மொதல்லயே அந்த எடத்தைத் தொடாம சுத்தி வரைங்க.


கொல்லைப்புறம் (கும்பகோணம்):

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும், நடுவுல வீட்ல விசேஷம்.

ஆசாரி கிட்ட 2 மில்லிமீட்டர் கம்பி வாங்கிட்டேன். வரையறதுக்குன்னு சொன்னதும் அவரே ஒரு பழைய வெள்ளைப் பீங்கான் தட்டு ஓட்டுல இழுத்துப் பாத்துட்டு "அட, கோடு விழுதே"ன்னு ரொம்ப நேரம் இழுத்துக்கிட்டே இருந்தாரு, முனையையும் அவரே தேய்ச்சுக் குடுத்துட்டாரு. ஜிங்க் ஒயிட் குவாஷ்ல ஒரு சொட்டு காவி கலந்து நாலு கோட்டிங். மொதல் பேப்பர்ல தடிச்சுப் போய் வெடிச்சுது, ரெண்டாவது சரியா வந்துச்சு. பூச்சு காஞ்சதும் அது மேல கையை வெச்சுப் பாத்தேன், முட்டை ஓட்டைத் தொடற மாதிரி இருந்துச்சு.

பொட்டையைக் கண்டுபிடிச்சிட்டேன்! தொவைக்கற கல்லுக்குப் பின்னாடி வாழைக்கு அடியில தெனம் வருது. எத்தனை வருஷமா வந்திருக்கும், நான் அது ஏதோ வேற குருவின்னு நெனச்சிட்டிருந்தேன். ஒன்பது நாள் பென்சில்ல மட்டும் வரைஞ்சேன், பொள்ளாச்சிக்காரர் சொன்ன மாதிரி அரைகுறையா விட்டு விட்டு. வாலைத் தூக்கி நிறுத்தி, தலையை எங்கிட்டத் திருப்பி ஒரு பார்வை பாக்குது பாருங்க, அந்த நிலையை வெச்சுக்கிட்டேன்.

வெள்ளியில வரைய ஆறு நாள் ஆச்சு, தெனம் ஒரு மணி நேரம். நெஞ்சுல சாம்பல் வயித்து வெளுப்புக்குள்ள கரையற எடம் இருக்கே, அதுல ரெண்டு நாள் போச்சு, ஒவ்வொரு வரிசையும் முன்னதை விடக் கொஞ்சம் முன்னாடியே நிறுத்தணும், எங்க நிறுத்தினோம்னு தெரியக்கூடாது. பென்சில்ல இருந்தா வெரலால தேய்ச்சு முடிச்சிருப்பேன். இதுல தேய்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல, கோடு மட்டும்தான். வாலுக்கு அடியில ஒரு கோடு தப்பாச்சு, ஈர பிரஷால எடுத்துட்டுத் திரும்பப் பூசினேன், உத்துப் பாத்தா அந்த ஒட்டு தெரியும். வெள்ளைக் குவாஷ் இறக்கைப் பட்டைக்கு மட்டும் தொட்டு வெச்சேன், வயித்துக்குத் தேவைப்படல. கால் மெல்லிசா நல்லா நிக்குது, முன்னால விழல.

படம் போட்டோவுல சரியா விழமாட்டேங்குது, நேர்ல பக்கவாட்டு வெளிச்சத்துல கோடு மினுங்கறது கேமராவுல வரல. பகல் வெளிச்சத்துல மறுபடி எடுத்துப் போடறேன்.

ரெண்டு கேள்வி. கோடு உதிராம இருக்க இதுக்கு ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே அடிக்கணுமா? கண்ணாடி ஃபிரேம் இப்பவே போட்டுடலாமா?


தேம்ஸ்கரை (லண்டன்):

ஸ்பிரே தேவையில்லை அக்கா, வெள்ளி கரி மாதிரி உதிராது. ஆனால் குவாஷ் கிரவுண்டில தண்ணி மட்டும் பட விடாதேங்கோ. கண்ணாடி போட்டால் காத்துப் படுறது குறைஞ்சு நிறம் மாறுறது மெதுவாகும். பழுப்பாக வேணுமெண்டால் சில மாதம் திறந்து வைச்சுப் பிறகு போடுங்கோ, இப்ப இருக்கிற சாம்பலே பிடிச்சிருந்தால் உடன போடுங்கோ. அது உங்கட விருப்பம். நானெண்டால் திறந்துதான் வைப்பன், தூசு படாமல் ஒரு மெல்லிய பேப்பரை மேல போட்டு. பின்பக்கத்தில இண்டைக்குத் திகதி எழுதி விடுங்கோ, எப்ப தொடங்கி மாறினது எண்டு பிறகு தெரியும்.


கொல்லைப்புறம் (கும்பகோணம்):

தேதி எழுதிட்டேன். அப்ப அது திறந்தே இருக்கட்டும், அலமாரிக்கு மேல வெச்சிருக்கேன். நாளைலேந்து தவிட்டுக்குருவிக்கு ஒக்காரப் போறேன், எங்க கொல்லைக்கு ஏழு வருது, அதுல ஒண்ணு மட்டும் எப்பவும் செவுத்து மேல தனியா ஒக்காந்து பாத்துக்கிட்டிருக்கும், அதைத்தான்.